ஆறு வயதுப் பல்

விழுந்த பால்பல்லைச் சாணி உருண்டைக்குள் பொதிந்து கூரைமேல் எறிவது எங்கள் பக்கத்து வழக்கம். தென்காசியை ஒட்டிய எங்கள் மேலகரத்தில் ஓட்டு வீடுகள் குறைந்து மெத்தை வீடுகள் பெருகிவிட்டன. இருந்தும் வழக்கம் முழுசாக விட்டுப்போகவில்லை. எறிகிற பல் மொட்டை மாடியில் விழுந்து கிடக்கிறது, அவ்வளவுதான். முன்பல் போன பிள்ளையைக் கேலி பண்ணாத வீடு கிடையாது. அந்தக் கூத்தில், யாரும் கவனிக்காமல் வேறொரு பல் வாய்க்குள் வந்துவிடுகிறது.

ஏறக்குறைய ஆறு வயதில், பால்பல் வரிசைக்குப் பின்னால், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. எந்தப் பல்லும் விழுந்து அவற்றுக்கு இடம் விடுவதில்லை. அதனாலேயே தாய்மார் அவற்றையும் பால்பல் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். உண்மையில் அவை ஆயுளுக்கும் ஒரே தடவை முளைக்கிற பற்கள். மேற்பரப்பு முழுக்கப் பள்ளமும் கீறலுமாக இருக்கும். ஏணிப்படி மிட்டாய்ப் பாகு போய் ஒட்டிக்கொள்ள அதைவிட வசதியான இடம் வாயில் இல்லை. முளைத்த முதல் இரண்டு மூன்று வருஷத்தில்தான் சொத்தை சுலபமாக விழும். அதாவது, பிள்ளை ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் இருக்கும்போது.

சாரல் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்த ஒரு நாள், தெருத் திண்ணையில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தேன். நனைத்த இலையைக் கத்தரியால் வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் சுற்றி, தலையை மடக்குகிற வரைக்கும் அவர் கண் அதில் இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே செய்தார். இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகன் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு எழுதிக்கொடுத்த சீட்டைப் பீடிப் பாஸ்புக்குக்குள் மடித்து வைத்திருந்தார். 'பல் சொத்தை, மேல்சிகிச்சை' என்று எழுதியிருந்தது. எழுதி நாலு மாசம் ஆகியிருந்தது.

“விழப்போற பல்லுதான அண்ணாச்சி. அதுக்குப் போயி எதுக்கு ஒரு நாளக் கெடுக்கணும்?” என்றார்.

ஒரு நாளோடு முடிகிற காரியமா என்று கேட்டேன். அவருக்கே தெரிந்திருந்தது. முதல் நாள் போனால் வீக்கம் வற்றட்டும் என்று மாத்திரை, அடுத்த வாரம் பிடுங்கவோ அடைக்கவோ, அதற்கப்புறம் ஒரு தடவை வந்து காட்டச் சொல்வார்கள். பஸ்ஸுக்குக் காசு கிடையாது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் சீட்டுக்கும் காசில்லை. எல்லாம் இலவசம். ஆனால் மூன்று நாள் போனால் அந்த மூன்று நாளின் பீடி போனதுதான். பொழுதுக்கு இலவசம் யாரும் தரவில்லை.

ஏழைப் பிள்ளைகளின் பல்லுக்கு அரசு எவ்வளவு செலவழிக்கிறது என்று கேட்கிறவர்கள், அந்தச் செலவு பிள்ளையிடம் எங்கே வந்து சேர்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு இந்த விஷயம் தெரியாததல்ல. சோற்று விஷயத்தில் நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்துகொண்டுவிட்டது.

1920-இல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த பி. தியாகராயச் செட்டியார், ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலுணவு கொடுக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். தலைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு. ஏழை வீடுகளுக்கு அரிசி அனுப்பலாமே என்று அவர் யோசிக்கவில்லை. சோற்றைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவழிக்கக் கூடாது என்று மேலே இருந்த அரசு மறுத்ததால் 1925-இல் திட்டம் நின்றுபோனது என்பதும் அதே கதையின் பாகம். படிப்புக்கான பணத்தில் வயிறு வராது என்றார்கள் அன்று. நல்வாழ்வுத் துறைப் பணமா, பள்ளிக்கல்வித் துறைப் பணமா, பல் எந்தத் தலைப்பில் வரும் என்று இன்றைக்கு நடக்கிற இழுபறியைப் பார்க்கும்போது எனக்கு அந்த 1925 தான் ஞாபகம் வரும்.

பிறகு காமராஜர். சேரன்மகாதேவிப் பக்கம் ரயில்வே கேட் மூடியிருந்தபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையன்களிடம் “ஏன் பள்ளிக்கூடம் போகலே?” என்று அவர் கேட்டதும், “சோறு யார் போடுவா?” என்று அவர்கள் திருப்பிக் கேட்டதும் எங்கள் ஜில்லாவில் எல்லோருக்கும் மனப்பாடம். நடந்தது அப்படியேதானா என்பது வேறு விஷயம். 1956-இல் மதிய உணவுத் திட்டம் எட்டயபுரத்தில் தொடங்கியது. அப்போது எட்டயபுரமும் திருநெல்வேலி ஜில்லாதான். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை முதல் தேதி திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கினார். 1989-இல் கருணாநிதி இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வைத்தார். அது வளர்ந்து பள்ளி நாளுக்கு ஒன்றானது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவு தொடங்கி, அடுத்த ஆண்டே சுமார் 31,000 அரசுப் பள்ளிகளுக்குப் போனது. கட்சி மாறினாலும் யாரும் இதில் கைவைக்கவில்லை.

இதன் வெற்றிக்குக் காரணம் அரிசியும் பருப்பும் மட்டுமில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர் என்று ஆள் போட்டார்கள். இன்ன நேரத்துக்கு இன்ன இடத்தில் அடுப்பு எரியும் என்றால் எரியும். ‘உணவு முகாம்’ என்று வருஷத்துக்கு ஒரு தடவை வேன் வந்து, பசிக்கிற பிள்ளைகளைக் கணக்கெடுத்து, ‘பசி, மேல்சிகிச்சை’ என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பல்லுக்கு நாம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

அரசு பல்லை மறந்தே போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் பிள்ளைகளுக்கு இலவசப் பற்பொடி கொடுத்தார்கள். எங்கள் தெருவில் அதைப் பிள்ளை மட்டும் துலக்கவில்லை, குடும்பமே துலக்கியது. அதுவரைக்கும் உமிக்கரியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்த வீடுகளில் அது பெரிய மாற்றம்தான். வேப்பங்குச்சிக்காரர்கள் மட்டும் முகம் சுளித்தார்கள். இன்றைக்குத் திரும்பிப் பார்த்தால், பொதுப்பணம் நம் ஊர்ப் பிள்ளையின் பல்லைத் தொட்ட முதல் தடவை அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் பொடி கொடுப்பதும் வைத்தியம் பார்ப்பதும் ஒன்றல்ல. பொடிக்கு ஒரு டெண்டர் போதும். பல்லுக்கு ஆள் வேண்டும்.

பொதுப்பணம் எதற்குத் திறக்கும், எதற்குத் திறக்காது என்பது பழைய கதை. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர். குற்றாலக் குறவஞ்சிக்காக நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் கொடுத்தார். குறவஞ்சிமேடு என்று அந்த நிலத்துக்குப் பெயர். பாட்டுக்கு நிலம் கொடுத்த நாடு இது. வைத்தியத்துக்கும் கொடுத்திருக்கிறது. காஞ்சிபுரத்துப் பக்கம் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில், 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டிய நீளமான கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலோடு சேர்ந்த பள்ளி, மாணவர் விடுதி, 15 படுக்கையுள்ள ஆதுலசாலை எல்லாவற்றுக்கும் கணக்கு அதில் உண்டு. வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவைக்குத் தனி ஆள், மூலிகை கொண்டுவர ஆள், நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், ஒரு நாவிதர். மாணவர்களின் சனிக்கிழமைக் குளியலுக்கு எண்ணெய்கூடக் கணக்கில் வருகிறது.

இந்தக் கல்வெட்டைப் பெருமையோடு காட்டுகிறவர்கள், அந்த மாணவர்கள் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே படித்தவர்கள் வேதமும் இலக்கணமும் படித்த பிராமணப் பிள்ளைகள். நெல் அளந்து கொடுத்த உழவன் வீட்டுப் பிள்ளைக்கு அந்த எண்ணெய் கிடையாது. ஆனாலும் எனக்கு அந்தக் கல்வெட்டில் பிடித்தது ஒன்று உண்டு. கட்டிடத்தோடு விடாமல், ஆளுக்கு ஆள், என்ன வேலை, எவ்வளவு கூலி என்று எழுதிவைத்திருக்கிறார்கள். இன்றைய திட்ட அறிவிப்புகளில் நான் தேடுகிற வரி அதுதான், பெரும்பாலும் கிடைப்பதில்லை.

உழவன் வீட்டுப் பிள்ளைக்குப் பல் வலித்தால் கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டுப் புகை பிடிக்கச் சொல்வார்கள். பூச்சி வெளியே வந்துவிடும் என்று நம்பிக்கை. பல்லில் பூச்சி கிடையாது என்று சொன்னால் இன்றைக்கும் எங்கள் பாட்டிகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆடுகிற பல்லைப் பிடுங்க நாவிதர் இருந்தார். வெள்ளைக்காரன் வைத்தியம் வந்த பிறகும் பல் வைத்தியம் நகரத்தோடு நின்றுகொண்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு வந்ததே 1953-இல்தான். அதுவே பின்னால் அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆனது.

வேறு இடங்களில் பள்ளி வழியாகப் போனார்கள். 1902-இலேயே, அன்றைக்கு ஜெர்மனியோடு இருந்த ஸ்ட்ராஸ்பர்க் நகரம், பள்ளிப் பிள்ளைகளுக்கென்று பல் மருத்துவமனை திறந்தது. முதல் உலகப் போருக்குப் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது பையன்களின் வாயைப் பார்த்து நியூசிலாந்து அரசு திகைத்துப்போனது. 1921-இல் இளம் பெண்களுக்குப் பிள்ளைகளின் பல்லை அடைக்கவும் பிடுங்கவும் இரண்டாண்டுப் பயிற்சி கொடுக்கத் தொடங்கி, பள்ளிகளுக்கே அனுப்பியது. பிள்ளைகள் அந்த அறைக்குக் ‘கொலைகார வீடு’ என்று பெயர் வைத்தார்கள். வைக்கட்டும், நாடு முழுக்கப் பிள்ளைகளின் வாய்க்குள் ஒருத்தி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த யோசனை நமக்கு ரொம்பப் பக்கத்திலேயே வந்தது. 1949-இல் பினாங்கில் பல் மருத்துவச் செவிலியர் பயிற்சிப் பள்ளி திறந்தார்கள். 1950-களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து உதவியோடு இலங்கையில், மகரகமவில் ஒரு பயிற்சிப் பள்ளி வந்தது. அங்கே படித்தவர்கள் பள்ளி வளாகத்துக்குள்ளேயே இருந்த சிகிச்சை அறைகளில் வேலை பார்த்தார்கள். தென்காசி, கடையநல்லூரிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்க் குடியேறிய குடும்பங்கள் எத்தனையோ உண்டு. அக்கா தம்பி இருவரில் ஒருவர் குடும்பம் அங்கேயும் மற்றவர் குடும்பம் இங்கேயும் என்று பிரிந்த வீடுகளில், அங்கே படித்த பிள்ளைக்குப் பள்ளி நர்ஸும் இங்கே படித்த பிள்ளைக்குக் கண்டங்கத்திரிப் புகையும் வாய்த்திருக்கக்கூடும்.

இந்தியா அந்த வழியில் போகவில்லை. 1948-இன் பல் மருத்துவர் சட்டம் மருத்துவரையும், பல் சுத்தம் செய்கிறவரையும், பல்செட் கட்டுகிறவரையும் பட்டியலிட்டது. பிள்ளைகளின் பல்லை அடைக்கிற செவிலி என்று ஓர் ஆள் அதில் இல்லை. நாம் கல்லூரிகளைத் திறந்தோம். இன்றைக்கு நாட்டில் 300-க்கும் மேல் பல் மருத்துவக் கல்லூரிகள், பெரும்பாலும் தனியார். பி.டி.எஸ். முடித்துவிட்டு, சொந்தமாக க்ளினிக் வைக்கப் பணமில்லாமல், யாரோ ஒருவருடைய க்ளினிக்கில் சொற்பச் சம்பளத்துக்கு நிற்கிற இளைஞர்களைத் தென்காசியிலேயே பார்க்கலாம். பல் மருத்துவருக்கு அரசு வேலை அறிவிப்பு அத்தி பூத்தாற்போல வரும். வந்தால் கூட்டம் அலைமோதும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருக்கிறவர்களிலும் பலர் ஒப்பந்தக்காரர்கள். ஆகவே இலங்கையைப் போலப் புதிதாகச் செவிலியரைப் பயிற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் அன்று மருத்துவர் இல்லாததால் செவிலியரைத் தேடினார்கள். நம்மிடம் மருத்துவர் இருக்கிறார், பணியிடம்தான் இல்லை.

சொத்தை எவ்வளவு என்பதும் அரசுக்குத் தெரியாததல்ல. 2002-03-இல் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் நாடு தழுவி எடுத்த கணக்கில் 5 வயதுப் பிள்ளைகளில் 51.9 விழுக்காடு, 12 வயதில் 53.8, 15 வயதில் 63.1 விழுக்காடு பேருக்குச் சொத்தை. பாதிக்கு மேல். வேறெந்த நோயாவது பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இருந்தால் சட்டசபையில் கேள்வி வரும்.

2013-இல் மத்திய அரசு ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. இரண்டு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு மருந்தாளுநர் கொண்ட குழு பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும்; சுமார் 30 குறைகளைப் பார்க்கும்; அதில் பல்லும் ஒன்று. இதயத்தில் ஓட்டையோடு பிறந்த எத்தனையோ பிள்ளைகளை இந்தக் குழுக்கள் கண்டுபிடித்து அறுவைக்கு அனுப்பியிருக்கின்றன. அதைக் குறைத்துச் சொல்ல மனம் வராது. ஆனால் இதய ஓட்டை ஆயிரத்தில் சில பிள்ளைகளுக்கு. அனுப்பிவைக்கலாம், பின்னால் போய் விசாரிக்கலாம். சொத்தை பாதி வகுப்புக்கு. பாதி வகுப்பை எங்கே அனுப்புவது? அதனால்தான் அந்தச் சீட்டு பீடிப் பாஸ்புக்குக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது.

2023-இல் தமிழக அரசு ‘புன்னகை’ என்ற பெயரில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் பரிசோதனைத் திட்டம் கொண்டுவந்தது. பெயர் அழகு, பல்லுக்கென்றே தனியாக ஒரு திட்டம் வந்ததும் நல்லது. ஆனால் 6-ஆம் வகுப்பிலிருந்து 8 வரை என்று வைத்தார்கள். நான் முதலில் சொன்ன அந்த நான்கு பற்கள் ஒன்றாம் வகுப்பில் முளைக்கின்றன. திட்டம் ஆறாம் வகுப்பில் வந்து கதவைத் தட்டுகிறது. அந்த ஐந்து வருஷத்தில் பல் பள்ளமாகி, பள்ளம் வேருக்குப் போய், அடைக்கலாம் என்ற நிலை தாண்டிப் பிடுங்கலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டிருக்கும். வேர் சிகிச்சைக்கும் மேலே கேப் போடுவதற்கும் தனியாரிடம் ஆகிற செலவைப் பீடி சுற்றுகிற வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள். காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்றால், அது பெரிய அறுவைக்கு. சாதாரணச் சொத்தைக்கு அது ஆகாது.

சின்னதில் விட்டதைப் பெரிசில் கட்டுகிற கணக்குக்கு ஊர் வித்தியாசம் கிடையாது. 2007-இல் அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் சொத்தைப் பல்லின் சீழ் மூளைக்கு ஏறி இறந்துபோனான். 80 டாலரில் பிடுங்கியிருக்கக்கூடிய பல். அவனைக் காப்பாற்றப் பார்த்த ஆஸ்பத்திரிச் செலவு இரண்டரை லட்சம் டாலர் வரை போனது. அரசு மருத்துவ உதவி அவன் குடும்பத்துக்குத் தொடர்ந்து கிடைக்கவில்லை, அதை ஏற்றுக்கொள்கிற பல் மருத்துவரும் லேசில் அகப்படவில்லை. அதற்கப்புறம்தான் அந்த மாநிலம் ஏழைப் பிள்ளைகளின் பல்லுக்கான ஏற்பாட்டைத் திருத்தியது.

நம் அரசு பல்லுக்காகப் பெரிய பணம் செலவழித்ததே இல்லையா என்றால், ஒரு தடவை உண்டு. சென்னை கிண்டி கிங் நிறுவனத்து ஆய்வாளர் ஷார்ட்டும் கூட இருந்தவர்களும் சென்னை மாகாணத்தில், நெல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களில், தண்ணீரில் இருக்கிற ஃபுளோரைடால் பல் பழுப்பேறி எலும்பும் முறுக்கிக்கொள்வதைக் கண்டு 1937-இல் எழுதினார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரியிலும் அதே தொல்லை. அங்கே பல்லைப் பார்த்தே எந்த ஊர்ப் பெண் என்று சொல்லிவிடுவார்கள், சம்பந்தம் தட்டிப்போகும். எழுபத்தைந்து வருஷம் கழித்து, ஜப்பான் கடனோடு, சுமார் 1,900 கோடி ரூபாயில், 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் ஓடியது. அங்கே பழுப்புப் பல் தெருவில் தெரிந்தது. கடைவாய்ச் சொத்தை வாயை மூடினால் தெரியாது. பொதுப்பணத்துக்கும் கண் உண்டு போல.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் இடிக்கிறது. ரேஷன் கடையில் சர்க்கரைக்கு அரசு மானியம் கொடுக்கிறது. 2017 நவம்பரில் கிலோ 13 ரூபாய் 50 காசிலிருந்து 25 ரூபாய் ஆக்கிய பிறகும் வெளிவிலையைவிடக் குறைவுதான். ஏழை வீட்டு டீயில் கை வைக்கச் சொல்கிற ஆள் நானல்ல. ஆனால் சர்க்கரையைத் தெருவரைக்கும் கொண்டுவந்து கொடுக்கத் தெரிந்த அரசுக்கு, அதன் பின்விளைவைப் பார்க்க மட்டும் நம்மைத் தென்காசிக்கு வரச் சொல்லத் தோன்றுகிறது.

பீடித் தொழிலாளர் கதையிலும் ஒரு பாடம் கிடக்கிறது. 1976-இல் சட்டம் போட்டு, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று தீர்வை பிரித்து, அந்தப் பணத்தில் மருந்தகங்களும் முக்கூடலில் ஓர் ஆஸ்பத்திரியும் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவியும் கொடுத்தார்கள். யார் உழைப்போ அவர்களுக்கே போய்ச் சேர்கிற மாதிரி கட்டிய பணம். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தீர்வை ஒழிந்தது. செலவு பொது பட்ஜெட்டுக்குள் போய்க் கலந்துகொண்டது. பொது பட்ஜெட்டில் பீடிக்காரிக்கு யார் வாதாடுவார்கள் என்பது வேறு கேள்வி. தனியாக முடிந்துவைத்த காசுக்கு இருந்த மரியாதை கலந்த காசுக்கு இல்லை என்பதை முக்கூடல்காரர்கள் சொல்லக் கேட்கலாம். பிள்ளைகளின் பல்லுக்கும் அப்படி முடிச்சுப் போட்ட பணமாக இருந்தால்தான் நிலைக்கும்.

செய்ய வேண்டியதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். துளையிடும் கருவியோ மின்சாரமோ இல்லாமல் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்து, கிளாஸ் அயனோமர் சிமெண்ட் வைத்து அடைக்கிற முறையை 1980-களில் தான்சானியாவில் உருவாக்கினார்கள். சொத்தையின் மேல் தூரிகையால் தொட்டு வைத்தால் அது மேலும் பரவாமல் நிறுத்துகிற சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற மருந்து ஜப்பானில் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. வைத்த இடம் கறுத்துப்போகும், கடைவாயில் அது யாருக்குத் தெரியப்போகிறது? 2021-இல் உலக சுகாதார நிறுவனம் இந்த மருந்தையும் அந்தச் சிமெண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இரண்டுக்கும் பல் நாற்காலிகூட வேண்டாம். பள்ளி பெஞ்ச் போதும்.

பள்ளியில் காலையில் உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டு முடித்த பிள்ளைகள் வரிசையாகக் குழாயடியில் கை கழுவுகிறார்கள். அந்தக் குழாயடியிலேயே ஃபுளோரைடு பேஸ்ட் போட்டு இரண்டு நிமிஷம் துலக்க வைக்கலாம்; பிலிப்பைன்ஸில் பள்ளிகளில் கை கழுவுவதோடு சேர்த்து இதைத் தினசரி வேலையாக்கியிருக்கிறார்கள். ஒன்றியத்துக்கு இரண்டோ மூன்றோ நிரந்தரப் பல் மருத்துவர், பள்ளி பள்ளியாகச் சுற்றி, ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் அந்த நான்கு பற்களின் பள்ளங்களை மூடிவிட்டுப் போகட்டும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அதே ஆள் திரும்பி வரட்டும். பிள்ளைக்கு அவர் முகம் தெரிந்திருக்கட்டும். வேன், பேனர், அமைச்சர் கையால் டார்ச் அடித்துப் பார்க்கிற போட்டோ, எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டால் அதிலேயே கொஞ்சம் காசு மிஞ்சும்.

திண்ணையில் அந்தப் பெண்ணிடம் இவ்வளவும் சொல்லவில்லை. விழப்போற பல் இல்லையம்மா, சீட்டில் எழுதியிருப்பது விழாத பல், கடைசியாக நிற்கிற அந்த நாலு பல்லும் சாகிறவரைக்கும் வேண்டியது என்று மட்டும் சொன்னேன். கை நின்றது. மடியிலிருந்து சுளகை இறக்கி வைத்தார். தூள் ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “எதுன்னு காட்டுங்க அண்ணாச்சி” என்றார். பையன் முதலில் மாட்டேன் என்று தலையாட்டினான், பிறகு வாயைத் திறந்தான். கீழே இடப்பக்கம் கறுத்துக் குழி விழுந்திருந்தது. கீழே வலப்பக்கம் மிட்டாய்ப் பிசுக்கோடு முழுசாக இருந்தது. மேலே இரண்டில் ஒன்று பாதிதான் வெளியே வந்திருந்தது. மற்றதன் மேல் ஈறு இன்னும் மூடியிருந்தது, உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது.